சோறு தின்னும் ஓநாய்

எங்கள் வீட்டு மணி செவலை நாட்டு நாய். ராத்திரி எட்டரைக்குத் தட்டில் தயிர்சோறு விழும் சத்தம் கேட்டால் தெருமுனையில் இருந்தாலும் ஓடி வந்துவிடும். தின்று முடித்த பிறகும் விடாது. அந்த அலுமினியத் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டே போய், காம்பவுண்டு சுவரில் முட்டும்வரை நக்கும். போன வாரம் இதைப் பார்த்த மாடி வீட்டுக்காரர், புதிதாய்க் குடிவந்தவர், எனக்கு வகுப்பே எடுத்துவிட்டார். "நாய்ங்கறது ஓநாய் சார். அதுக்குப் போய்ச் சோறா? பச்சைக் கறிதான் அதோட இயற்கை உணவு."

நாய் ஓநாயிலிருந்து வந்தது, சரி. அதற்கப்புறம் நடந்த கதையை யார் சொல்வது?

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகக் குழு ஒன்று 2013இல் ஓநாய், நாய் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. மாவுச்சத்தைச் செரிக்கக் கணையத்தில் சுரக்கும் அமைலேஸ் நொதிக்கு ஒரு மரபணு உண்டு. ஓநாயிடம் அதற்கு இரண்டு பிரதிகள்தான். நாய்களிடம் 4 முதல் 30 வரை இருந்தன. அதாவது சோறு, ரொட்டி, கூழ் எது விழுந்தாலும் செரிக்கிற வயிறு. ஐரோப்பாவில் தோண்டி எடுத்த பழைய நாய் எலும்புகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே, உழவர் குடியிருப்புகள் பரவிய காலத்திலேயே, சில நாய்களிடம் இந்தப் பிரதிகள் பெருகியிருந்தது தெரிந்தது. கோதுமையும் பார்லியும் தின்ற மனிதர்களின் மிச்சத்தைத் தின்று தின்று வந்த மாற்றம். ஆஸ்திரேலியாவின் டிங்கோவைப் பாருங்கள். தானியம் பயிரிடாத மண்ணில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த நாய். அதற்கு இன்னமும் ஓநாய் மாதிரி இரண்டே பிரதிதான்.

அதற்காக, உழவர்கள்தான் நாயை உண்டாக்கினார்கள் என்று சொல்ல வரவில்லை. ஊர்க் குப்பைமேட்டைச் சுற்றிச் சுற்றி வந்த ஓநாய்தான் நாயாயிற்று என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். எனக்கு ஒட்டவில்லை, ஏனென்றால் ஊர் என்று ஒன்று வருவதற்கு முன்பே நாய் வந்துவிட்டது. ஆடு, மாடு, பன்றி எல்லாம் உழவோடு வந்தவை. நாய் மட்டும் வேட்டையாடிகளின் காலத்திலேயே கூட இருந்தது.

ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்கஸல் என்ற இடத்தில், 1914இல் கல்குவாரித் தொழிலாளர்கள் ஓர் ஆண், ஒரு பெண் எலும்புக்கூடுகளைக் கண்டெடுத்தார்கள். கூடவே கிடந்த தாடை எலும்பை ஓநாய் என்றே முதலில் நினைத்தார்கள் (நம் மாடி வீட்டுக்காரர் மாதிரி). அது நாய் என்று தெரிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வயது சுமார் 14,200 ஆண்டுகள். அப்புறம் லூக் யான்சன்ஸ் என்ற பெல்ஜிய ஆய்வாளர் அதன் பற்களைப் பார்த்தார். அவர் கால்நடை மருத்துவரும்கூட. எனாமலில் வரி வரியாகச் சேதம். நாய் வளர்க்கிற நமக்கெல்லாம் வயிற்றைக் கலக்கும் டிஸ்டம்பர் நோயின் தடயம் அது. ஐந்து மாதக் குட்டிக்கு வாந்தி, பேதி, காய்ச்சல். ஒரு முறை இல்லை, விட்டு விட்டு மூன்று முறை. அந்த நிலையில் அது எதற்கும் உதவாது. வேட்டைக்குப் போகாது, காவல் காக்காது. யாரோ தண்ணீர் புகட்டி, சுத்தம் செய்து, சூடாக வைத்திருக்காவிட்டால் மூன்று வாரம்கூடத் தாங்காது என்கிறார் அவர். ஆறரை மாதத்தில் செத்துப் போயிற்று. மனிதர்களோடு சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். மணிக்குப் பார்வோ என்ற குடல் நோய் வந்தபோது நான்கு ராத்திரி கரண்டியால் உப்பு-சர்க்கரைத் தண்ணீர் ஊட்டியவன் என்பதால், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வேட்டைக்கும் உழவுக்கும் நடுவாந்தரத்தில் இன்னொரு இடம், வடகிழக்கு ஜோர்டானின் ஷுபைக்கா 6. சுமார் 11,500 ஆண்டுகள் பழையது. அங்கே நாய் எலும்பைவிட நாய் தின்ற எலும்புதான் சேதி சொல்கிறது. குடல் வழியாகப் போய் வெளியே வந்து, அமிலத்தில் அரித்துப்போன எலும்புத் துண்டுகள் குவியலாகக் கிடைத்தன. மனிதன் விழுங்க முடியாத அளவு. அதே காலத்தில் முயல் எலும்புகளும் கூடுகின்றன. முயலைத் துரத்திப் பிடிக்க நாய் உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எனக்குப் பிடித்தது வேறு. அந்தத் துண்டுகள் குடியிருப்புக்குள்ளேயே கிடந்தன. விரட்டி விடவில்லை, உள்ளேயே திரிய விட்டிருக்கிறார்கள். நாய் வளர்க்கிற எவருக்கும் காலில் என்ன மிதிபட்டிருக்கும் என்று தெரியும்.

ஆகவே என் கட்சி இதுதான். சோறு தின்கிற நாட்டு நாய் ஒன்றும் சீரழிந்த ஓநாய் இல்லை. நம்மோடு வேட்டைக்கு வந்தது, நாம் தானியத்துக்கு மாறியபோது தானும் வயிற்றை மாற்றிக்கொண்டது. வெறும் சோறே போதும் என்று சொல்லவில்லை; மணிக்கு முட்டையும் உண்டு, வாரம் இரண்டு நாள் கறியும் உண்டு. சாம்பார் மட்டும் கூடாது, வெங்காயம் நாய்க்கு விஷம்.

நேற்று மாடி வீட்டுக்காரர் சமாதானமாக ஒரு பொட்டலத்தோடு இறங்கி வந்தார். பிரித்தால் பிரியாணியில் மிஞ்சிய கோழி எலும்பு. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்திவிடும் சார் என்று, இந்த முறை வகுப்பெடுத்தது நான்.