மாப்பிள்ளை போட்ட அறுபதாயிரம் ரூபாய்க் கணக்கு

தங்கச்சி மாப்பிள்ளை கோத்தகிரியில் ஒரு காபி கடை போடப் போகிறார். இடம் பார்த்தாச்சு, அட்வான்ஸும் கொடுத்தாச்சு. போன வாரம் குன்னூருக்கு வந்தவர், என் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒரு பில் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். பால் எத்தனை லிட்டர், கறந்த பால் என்ன விலை, பாக்கெட் என்ன விலை, பண்டிகை நாளில் எவ்வளவு கூடும் என்று பாலுக்கே நாலு வரி. கடைசியில் ஒரு வரி: ஆள் 4 x 15,000 = 60,000. "அவ்வளவுதானே மச்சான்?" என்றார்.

அன்றைக்குக் கடையில் கூட்டம், தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன். அது தப்பு. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், அவரும் படிப்பார். எங்களுடையது அப்பா காலத்து வர்க்கி (ஏடு ஏடாகப் பிரியும் மொறுமொறு பிஸ்கட்) பேக்கரி, கூடவே டீக்கடை. இப்போது 11 பேர் வேலை செய்கிறார்கள். நான் சொல்வதெல்லாம் கைக்காசு போட்டுக் கற்றது.

முதலில் அந்த 4. காலை 6 மணியிலிருந்து ராத்திரி 9 வரை, வாரம் ஏழு நாளும் திறப்பேன் என்கிறார். மொத்தம் 105 மணி நேரம். ஓவர்டைம் இல்லாமல் ஒரு ஆளிடம் வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை வாங்கலாம். அப்படியானால் கல்லாவில் எப்போதும் ஒருத்தர் இருக்க வேண்டும் என்றால் அந்த ஒரு இடத்துக்கே ரெண்டு பேருக்கு மேல் வேண்டும். டீ மாஸ்டர், கல்லா, சப்ளை, பாத்திரம் என்று நாலு இடம், ஆக எட்டு ஒன்பது பேர். நாலு பேரை வைத்தே ஓட்டுகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. எல்லாம் நாலு மாதம், அப்புறம் ஒருத்தன் ஊருக்குப் போகிறேன் என்று போனவன் போனைக்கூட எடுக்க மாட்டான். (2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? நானும் நாலு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். அதுவரை யாரும் உட்காரவில்லை என்பதே எனக்கு உறைக்காமல் இருந்தது.)

சரி, அடுத்தது அந்தப் பதினைந்தாயிரம். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். அதை மாதத்துக்குப் பிரித்தால் 1,250. பத்துப் பேரைத் தொட்டுவிட்டால் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, கட்ட வேண்டும். நம் பங்கு 3.25 சதவீதம், அது ஒரு 488. ஐந்து வருடம் தாண்டி நிற்கிற ஆளுக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் பணிக்கொடை, 26 நாளை ஒரு மாதமாக வைத்து. இன்றே கொடுக்க வேண்டியதில்லைதான், ஆனால் ஒதுக்காமல் விட்டால் அவர் கிளம்புகிற அன்றைக்கு நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக்கடைக்கு ஓட வேண்டியிருக்கும். மாதம் 721 ஒதுக்குகிறேன். டீ, டிபன், மதியச் சோறு மாதம் 2,500. கீழே இருந்து வந்தவர்களுக்கு இந்தக் குளிரில் ரூம் கொடுக்காமல் முடியாது, நாலு பேருக்கு 6,000 வாடகை, தலைக்கு 1,500. கூட்டிப் பாருங்கள், 21,459.

இதோடு முடியவில்லை. இது வருடத்துக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் போகும். ஆனால் அந்த ஆள் எத்தனை நாள் நமக்குக் கிடைக்கிறார்? வார விடுமுறை 52, தேசிய விடுமுறையும் பண்டிகையும் 9, லீவு 12, அப்புறம் காய்ச்சல், சாவு, பர்லியாறு பக்கம் மண் சரிந்து பஸ் நின்றது என்று இன்னொரு 12. மிச்சம் 280 நாள். வகுத்தால் ஒரு வேலை நாளுக்கு 920 ரூபாய். மாப்பிள்ளை மனசில் ஓடுவது பதினைந்தாயிரத்தை முப்பதால் வகுத்த 500. ஒரு டீக்கு என்ன விலை வைக்கலாம் என்பதை அந்த 500-ஐ வைத்துத்தான் யோசிக்கிறார். இருபது பேர் ஆனால் பிஎஃப், நம் பங்கு 12 சதவீதம், மேல் செலவெல்லாம் சேர்த்து 13. அவருக்கு அந்தக் கவலை இப்போது வேண்டாம்.

"ஒன்பதோடு நிறுத்திக்கோ, பத்தாவது ஆளை ரெஜிஸ்டரில் ஏற்றாதே" என்று எனக்குச் சொன்னவர்கள் நிறைய. எட்டுப் பேர் இருந்த காலத்தில் எங்கள் ஹெல்பர் பையன் ஒருவன் ஓவனிலிருந்து ட்ரே இழுக்கும்போது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சுட்டுக்கொண்டான். கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, 68,000 ரூபாய். அதற்கு மேல் ரெண்டு மாதச் சம்பளம், அவன் அம்மா கூட வந்து தங்கின செலவு. இஎஸ்ஐ இல்லாத இடத்தில் வேலையில் அடிபட்டால் முதலாளிதான் பொறுப்பு, அதுதான் சட்டம், அதுதான் நியாயமும். இப்போது பத்துப் பேருக்கு நான் கட்டுகிற இஎஸ்ஐ பங்கு வருடத்துக்கு 58,500. மாஸ்டருக்கு 24,000 சம்பளம், அவர் அதில் வரமாட்டார், அவருக்குத் தனியாக ஒரு பாலிசி. ஒன்பதோடு நிறுத்தி மிச்சம் பிடித்தவர்களுக்கு இதுவரை யாருக்கும் கை சுடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் மலையில் ஆள் வைப்பதில் பெரிய செலவு இது எதுவும் இல்லை, மழை மாதம்தான். மே மாதம் ஒரு நாளில் விற்பதை நவம்பரில் ஒரு வாரம் முழுக்க விற்றால் அதிகம். மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழும், மலை ரயில் நிற்கும், பஸ் ஸ்டாண்டில் குடை மட்டும்தான் நடமாடும். 2024 மே 7 முதல் நீதிமன்ற உத்தரவுப்படி மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. 2025 சீசனில் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பும் வந்தது. அது வேண்டுமா வேண்டாமா என்பது வேறு பேச்சு, எனக்கும் ரோட்டில் நடக்க இடம் வேண்டும். ஆனால் வண்டி குறைந்தால் சம்பளம் குறையாது.

ஒரு நவம்பரில் நான் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். "ஏப்ரலில் வாங்க மாஸ்டர்" என்று பழைய மாஸ்டரை அனுப்பிவிட்டேன். ஐந்து மாதச் சம்பளம் மிச்சம் என்று வீட்டில் பெருமை வேறு. ஏப்ரலில் கூப்பிட்டால் திருப்பூரில் ஒரு பேக்கரியில் சேர்ந்துவிட்டார், வெயிலாக இருந்தாலும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் பக்கம் என்றார். புது மாஸ்டர் கெட்டிக்காரர்தான், கேக், பன் எல்லாம் அருமையாக வரும். வர்க்கிக்குப் போடும் 'மாவா' என்கிற புளிக்கவைத்த கலவை மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. ரவை, மைதா, வாழைப்பழம் எல்லாம் அதே அளவு, அதே பாத்திரம், ஆனால் இந்தக் குளிரில் அது எப்போது பொங்கி எப்போது புளிக்கும் என்பது கைக்குத்தான் தெரியும். பன்னிரண்டு நாள் சரக்கு ஏடு பிரியாமல் கல்லு மாதிரி வந்தது. ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) மாதாமாதம் பென்ஷன் வாங்க வரும் ஒரு படுக அம்மா, ஒன்றைக் கடித்துப் பார்த்து மிச்சத்தைக் கவரில் போட்டு மடித்துக்கொண்டே கேட்டார், "ஏன் தம்பி, மாஸ்டர் போயிட்டாரா?" அந்த சீசனில் நான் விட்டது, மிச்சம் பிடித்த ஐந்து மாதச் சம்பளத்தைப் போல ரெண்டு மடங்கு.

அதிலிருந்து மழைக்காலத்தில் யாரையும் அனுப்புவதில்லை. ஓவன் மேல் தளத்தைப் பூசுவது, ட்ரே சுரண்டுவது, கோயம்புத்தூர் கடைகளுக்குப் பாக்கெட் போடுவது என்று ஏதாவது இருக்கும். சில நாள் எதுவும் இருக்காது, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கேரம் ஆடுவார்கள். பார்த்தால் வயிறு எரியும், பொய் சொல்லவில்லை. ஆனால் மே மாதத்துக்கான சம்பளத்தை நான் நவம்பரில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று இப்போது புரிகிறது. வர்க்கி விலையில் அதையும் ஏற்றித்தான் வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடையைவிட கிலோவுக்கு 30 ரூபாய் அதிகம் ஏன் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

இன்னும் ஆட்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ் கதை இருக்கிறது. மகள் காலேஜ் பீஸ், வீட்டுக்கு ஓடு மாற்ற என்று இன்றைய தேதிக்கு வெளியே 1,40,000 நிற்கிறது. அதை எழுதினால் மாப்பிள்ளை கடையே வேண்டாம் என்றுவிடுவார்.

மேலே உள்ள கணக்கை மட்டும் முந்தாநாள் வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒரு நாள் முழுக்க பதில் இல்லை. நேற்று ராத்திரி கூப்பிட்டார். "மச்சான், காலை 10 மணிக்குத் திறந்து 7 மணிக்கு மூடி, செவ்வாய்க்கிழமை லீவு விட்டால் எத்தனை பேர் போதும்?" வாரம் 54 மணி நேரம், இடத்துக்கு ஒன்றேகால் ஆள்கூட ஆகாது. புதுசாக ஒரு பில் தாளை எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.