தடை போட்டதால்தான் இசை பிறந்ததா?

"வெள்ளைக்காரன் மேளத்தைத் தடை பண்ணினான், அதனால்தான் ஸ்டீல்பேன் பிறந்தது." எண்ணெய் பீப்பாயில் செய்யும் இசைக்கருவிதான் ஸ்டீல்பேன். பிரிட்டிஷ்காரன் ஆண்ட கரீபியத் தீவான ட்ரினிடாடின் இசை என்று பேச்செடுத்தாலே யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். காலனியச் சட்டத்தையும் தெரு இசையையும் சேர்த்துப் படிக்கும் சமூகவியல் வட்டாரத்திலும் இந்த வாதத்துக்கு மவுசு உண்டு. எனக்கு இது ஒப்பவில்லை.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் தீப்பந்தமும் மேளமும் கம்புமாக நடத்திய கேம்பூலே ஊர்வலத்தை 1881இல் கேப்டன் பேக்கரின் போலீஸ் அடக்கப்போய், தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினே கலவரமானது. 1884இல் மேளத்தையும் தீப்பந்தத்தையும் தடுக்கச் சட்டமே வந்துவிட்டது. அதே வருஷம் அக்டோபர் 30, சான் ஃபெர்னாண்டோவில் தாசா மேளத்தோடு ஹோசே ஊர்வலம் வந்த கரும்புத்தோட்ட இந்தியர்கள்மேல் துப்பாக்கிச் சூடு. (ஹோசே என்பது நம்ம மொஹரம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் இந்துக்களும் இருந்தார்கள்.)

தோல் மேளத்தின் இடத்துக்கு மூங்கில் வந்தது. தடித்த மூங்கிலைத் தரையில் குத்தினால் 'தும்'மென்று அடிநாதம். மெல்லியதைக் குச்சியால் தட்டினால் 'ணங்'கென்று எடுப்பான சத்தம். அப்புறம் பிஸ்கட் டின், 1940களில் எண்ணெய் பீப்பாய்.

இந்த வரிசையை மட்டும் பார்த்தால் சட்டம்தான் பெற்ற தாய் மாதிரி தெரியும். சட்டம் பிடுங்கத்தான் செய்தது. பீப்பாயின் தகட்டைச் சுத்தியலால் குழித்து, இடத்துக்கு இடம் சுரம் பிரித்தவர்கள், ஊரே ரவுடிகள் என்று ஒதுக்கிய பையன்கள். தடையால் பிறந்ததைக் கணக்கெடுக்கிறோம், செத்ததை யார் எடுப்பது? பாட்டும் கூவலுமாக வழிபடும் கறுப்பினக் கிறிஸ்தவர்களான ஷவுட்டர் பாப்டிஸ்டுகளின் வழிபாட்டையே 1917இலிருந்து 1951வரை சட்டம் போட்டு முடக்கினார்கள். அத்தனை வருஷத்தில் எந்தப் பாட்டெல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுபோனதோ.

ஆய்வாளர் கைக்கு எளிதில் கிடைப்பது போலீஸ் அறிக்கையும் ஆளுநர் கடிதமும்தான். மேளக்காரர் பேச்சு அந்த ஏட்டில் ஏற வேண்டுமென்றால் அவர் கூண்டில் ஏறியிருக்க வேண்டும். அந்தக் காகிதத்தை மட்டும் நம்பி எழுதினால் சட்டம் கதாநாயகன் ஆகாமல் என்ன செய்யும்?

இதெல்லாம் பழங்கதையும் இல்லை. லண்டன் போலீஸ் 2005இல் 'படிவம் 696' என்று ஒன்றைக் கொண்டுவந்து, இசை நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் என்ன வகை இசை என்று கேட்டது. வரும் கூட்டம் எந்த இனம் என்றுகூட ஒரு காலத்தில் கேட்டது. கிரைம் (grime, லண்டனில் பிறந்த ராப் மாதிரியான இசை) பாடுபவர்கள், பெரும்பாலும் கரீபியன், ஆப்பிரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள், நன்றாகவே அடிவாங்கினார்கள். 2017இல்தான் அது ஒழிந்தது. அடுத்து இதை ஆராய வருபவர் கோப்பைப் புரட்டுவதற்கு முன்னால், நிகழ்ச்சி ரத்தாகி வீட்டுக்குப் போன பாடகர்களைப் போய்ப் பார்க்கட்டும். இந்தமுறை கேட்பதற்கு ஆள் இருக்கிறது.