பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: எண்ணெய் மாற்றினால் கெட்டுவிடுமா?

“ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஆட்டோமேட்டிக் காரில் கியர் எண்ணெயைத் தொடவே கூடாது; மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்” என்றொரு செய்தி பரவுகிறது. இது தவறு. இதை நம்பிக் காப்பாற்றக்கூடிய கியர்பாக்ஸைப் பாழாக்குகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

எண்ணெய் மாற்றியபின் கியர் வழுக்கினால், பெரும்பாலும் கியர்பாக்ஸுக்குள் உராய்வால் கியரைப் பிடிக்கும் கிளட்ச் தகடுகள் ஏற்கெனவே தேய்ந்திருந்தன என்றே பொருள். புது எண்ணெய் அவற்றைத் தேய்ப்பதில்லை. வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் வெறும் மசகு அல்ல. அதன் அழுத்தமே கிளட்சுகளை இறுக்கிப் பிடிக்கிறது. அளவு குறைந்தாலே கியர் தாமதமாக விழும். இன்ஜின் உறுமும், வண்டி வேகமெடுக்காது. ஆகவே முதலில் அளவைப் பாருங்கள், கையேடு சொல்லும் வெப்பநிலையில். எண்ணெய் கறுத்துக் கருகிய வாடை வீசினால் கிளட்ச் எரிந்திருக்கலாம். அதை எண்ணெய் மாற்றிச் சரிசெய்ய முடியாது. கியர் மாறும்போது உதறினால் சோலனாய்டோ (எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்வால்வு) சென்சாரோ காரணமாக இருக்கலாம். காரின் கணினியில் பதிவாகும் பிழைக் குறியீடுகளைப் படிக்காமல் கியர்பாக்ஸைக் கழற்ற விடாதீர்கள்!

வதந்திக்குள் ஓர் உண்மைத் துளி உண்டு. பல ஆண்டுகள் மாற்றாத பெட்டியை இயந்திர அழுத்தத்தில் கழுவினால், படிந்த கசடு பெயர்ந்து வால்வுப் பாதைகளை அடைக்கலாம். அதனால் வடித்துவிட்டு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகை எண்ணெயையே நிரப்பச் சொல்லுங்கள்.