நடு பெர்த்தை எப்போதுதான் இறக்குவீர்கள்?

சென்னையிலிருந்து டெல்லிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் போவதென்றால் 2,100 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு இரவு, நடுவில் ஒரு முழுப் பகல். கூட்டம், வெக்கை, கழிவறை நாற்றம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். விடிந்த பிறகும் நடு பெர்த்தை இறக்காதவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் அதில் படுக்கலாம் என்று விதியே இருக்கிறது. உடம்பு முடியாதவர், கர்ப்பிணி என்றால் சரி, யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் வாரங்கல் தாண்டி மணி ஒன்பதரை ஆகிறது. காபி விற்பவர் பலமுறை போய் வந்துவிட்டார். மேலே அந்த ஆள் போர்வைக்குள் வீடியோ பார்க்கிறார், அதுவும் ஹெட்போன் இல்லாமல். கீழே எழுபது வயது அம்மா கழுத்தை மடக்கிக் குனிந்தபடி இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். நிமிர்ந்தால் பெர்த்தின் இரும்பு விளிம்பு மண்டையில் இடிக்கிறது.

"தம்பி, கொஞ்சம் இறக்குறீங்களா?"

"அஞ்சு நிமிஷம்."

அந்த அஞ்சு நிமிஷம் முடிவதற்குள் மகாராஷ்டிராவின் பல்லார்ஷாவே வந்துவிட்டது! டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ) சொன்னால் இறக்குவார்கள்தான். ஆனால் அவரைப் பெட்டி பெட்டியாகத் தேடி யார் அலைவது?

பகலிலும் படுத்தே ஆக வேண்டுமென்றால், டிக்கெட் எடுக்கும்போதே மேல் பெர்த் கேளுங்கள் ஐயா. அங்கே நாள் முழுக்கப் படுக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.