உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?

கடந்த ஐந்து வருடத்தில் பிரிட்டனை விட்டு எப்போதெல்லாம் வெளியே போனீர்கள், எந்தத் தேதியில் திரும்பினீர்கள், எந்த நாட்டுக்கு, எதற்காக, ஒன்று விடாமல் எழுத வேண்டும். பிரிட்டிஷ் குடியுரிமை விண்ணப்பத்தில் இந்தப் பக்கம் வந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் திறந்தேன், மறுபடியும் மூடினேன். "ஃபார்ம்தானே, உக்காந்து நிரப்பினா முடிஞ்சுது" என்று சொல்கிறவர்கள் யாரும் அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை.

இதில் என்ன பெரிய கஷ்டம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். பிரிட்டனிலிருந்து விமானம் ஏறும்போது இந்தியாவில் இருப்பது போல இமிகிரேஷன் கவுண்டர் கிடையாது. பாஸ்போர்ட்டில் யாரும் முத்திரை குத்த மாட்டார்கள். பையை ஸ்கேன் செய்வார்கள், போர்டிங் பாஸைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான், நீங்கள் நாட்டை விட்டுப் போய்விட்டீர்கள். திரும்பி வரும்போதும், குடியிருப்பு அனுமதி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் முத்திரை கிடையாது. ஆக, பாஸ்போர்ட்டைப் புரட்டினால் மிஞ்சுவது இந்தியாவில் இறங்கியதற்கும் கிளம்பியதற்கும் குத்திய முத்திரைகள் மட்டும். அதிலும் பாதி மை படியாதது, மீதி ஒன்றின் தலைமேல் ஒன்று குத்தியது. 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியவில்லை. போதாக்குறைக்கு ராத்திரி விமானம், கிளம்பியது ஒரு தேதி, இறங்கியது மறுநாள். கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் கணக்கில் சேராது, முழுதாக வெளியே இருந்த நாட்கள் மட்டும்தான் சேரும் என்பது விதி. அப்படியென்றால் முத்திரைத் தேதியை நம்பி எழுதினால் கணக்கு தப்பு!

இத்தனைக்கும் இந்தத் தேதிகள் பிரிட்டிஷ் அரசிடம் இல்லையா? இருக்கிறது. 2015 ஏப்ரலிலிருந்து நாட்டை விட்டு வெளியேறுகிற பயணிகளின் விவரங்களை விமான, ரயில், கப்பல் நிறுவனங்கள் அரசுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. வருகிறவர்களின் கணக்கும் இருக்கிறது. நான் எந்த விமானத்தில் வந்தேன் என்பதுவரை அங்கே இருக்கும். ஆனால் அதை நான் என் ஞாபகத்திலிருந்தும், பழைய மின்னஞ்சல்களில் கிடக்கும் டிக்கெட்டுகளிலிருந்தும் பொறுக்கியெடுத்து அவர்களுக்கு எழுதித் தர வேண்டும். அவர்கள் அதைத் தங்கள் கணக்கோடு வைத்துச் சரிபார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் யார் நாணயத்தின் மேல் சந்தேகம் வரும் என்று நினைக்கிறீர்கள்? 'நன்னடத்தை' என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. விண்ணப்பத்தில் ஏமாற்றப் பார்த்ததாக அவர்கள் முடிவு கட்டிவிட்டால் பத்து வருடத்துக்குக் குடியுரிமையை மறக்க வேண்டியதுதான். மறந்துபோனவனும் மறைத்தவனும் காகிதத்தில் ஒரே மாதிரிதானே தெரிவார்கள்?

இதற்கு ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, என்னைப் பற்றி அரசு வைத்திருக்கும் தகவலை எனக்குக் கொடு என்று நானே கேட்கலாம். இலவசம். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலில் என் பயண வரலாறு வரும். அதைப் பார்த்து நான் படிவத்தை நிரப்பி, தகவல் கொடுத்த அதே அரசுக்குத் திருப்பி அனுப்பலாம்! இந்தக் கூத்தை நான் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்தவர்கள் பலரும் செய்திருக்கிறார்கள். எனக்கு வந்த பட்டியலில் ஒரு பயணத்துக்குப் புறப்பாடு இருக்கிறது, திரும்புதல் இல்லை. அந்தக் கணக்குப்படி நான் அந்தத் தடவை போனவள் போனவள்தான், திரும்பி வரவே இல்லை. அடுத்த வரியில் மறுபடியும் இங்கிருந்து கிளம்புகிறேன். எப்படி? அதை யாரும் விளக்கவில்லை. கேட்டதற்கு, விண்ணப்பத்தில் சரியான தகவலைத் தருவது உங்கள் பொறுப்பு என்று ஒரு பதில் வந்தது. அவர்கள் பக்கம் விட்டுப்போனால் அது கோப்பில் ஒரு காலி இடம். என் பக்கம் விட்டுப்போனால் என் நடத்தை.

இது வெறும் எரிச்சல் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். விண்ட்ரஷ் விவகாரம் 2018-ல் வெடித்தது ஞாபகம் இருக்கும். கரீபியன் தீவுகளிலிருந்து சிறுவயதிலேயே சட்டப்படி வந்து, இங்கேயே வேலை செய்து, வரி கட்டி, கிழவர்களானவர்களிடம், நீ இத்தனை வருடம் இங்கே இருந்ததற்கு வருடா வருடம் ஆதாரம் காட்டு என்றார்கள். அவர்கள் வந்து இறங்கிய பதிவுச் சீட்டுகளை 2010-ல் அழித்தது யார்? அரசேதான். தானே அழித்துவிட்டு, அந்த மனிதர்களிடம் காகிதம் கேட்டது. வேலை போனது, சிகிச்சை போனது, சிலரை நாடு கடத்தியே விட்டார்கள். அப்புறம் மன்னிப்பு கேட்டார்கள், நஷ்டஈடு என்றார்கள். அதைப் படித்தவர்கள் யாரும் இந்தப் பயணப் பக்கத்தை நிம்மதியாக நிரப்ப முடியாது. நான் பத்து வருடத்துப் பேஸ்லிப், வரிக் கடிதம், கவுன்சில் வரி ரசீது எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு வைத்திருப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். செய்யட்டும்.

சரி, நாட்கணக்குக்கு வருகிறேன். நிரந்தரக் குடியிருப்பு வாங்கும்போது ஒரு கணக்கு, எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. குடியுரிமைக்கு வேறு கணக்கு, ஐந்து வருடத்தில் மொத்தம் 450 நாள், கடைசி ஒரு வருடத்தில் 90 நாள். அதோடு, விண்ணப்பிக்கும் நாளிலிருந்து சரியாக ஐந்து வருடம் பின்னால் போனால் அந்த நாளில் நீங்கள் இந்த மண்ணில் நின்றிருக்க வேண்டும். யாராவது ஐந்து வருடத்துக்கு முன்னாலேயே இதைக் கணக்குப் போட்டு விமான டிக்கெட் எடுப்பார்களா? ஸ்பெயின் கடற்கரையில் படுத்துக் கிடந்த நாளும் அப்பா கிடந்த ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்த நாளும் அந்தப் பட்டியலில் ஒரே மாதிரி ஒவ்வொரு நாள். கொஞ்சம் கூடிப்போனால் காரணம் பார்த்து விட்டுக்கொடுக்க அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறதாம். இருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, இன்னும் எத்தனை நாள் தங்கலாம் என்று மனதுக்குள் கழித்தல் போட்டுக்கொண்டு நிற்க வைத்தார்கள் பாருங்கள், அதை எந்த அதிகாரி விட்டுக்கொடுப்பார்?

காசு விஷயம் பேசினாலே "சும்மாவா குடுப்பாங்க?" என்று ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. சும்மா யார் கேட்டது? 2025 ஏப்ரலில் வந்த கட்டணப்படி குடியுரிமைக்கு 1,605 பவுண்ட், உறுதிமொழி விழாவுக்கு 130 பவுண்ட். அதற்கு முந்தைய படியான நிரந்தரக் குடியிருப்புக்கு 3,029. தலைக்கு! அதற்கும் முன்னால் விசாவில் இருக்கும்போது மருத்துவச் சேவைக்கென்று வருடத்துக்கு 1,035 பவுண்ட், அதுவும் விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே. சம்பளத்தில் அதே மருத்துவச் சேவைக்கும் சேர்த்துத்தான் வரி பிடிக்கிறார்கள் என்பதைச் சொன்னால் யார் காதிலும் விழுவதில்லை. படிவத்தைச் சரிபார்க்க அவ்வளவு செலவாகிறது என்றால்கூடப் புரியும். குழந்தைகளைக் குடிமக்களாகப் பதிவு செய்யும் கட்டணம் பற்றி உச்ச நீதிமன்றம்வரை ஒரு வழக்கு போனது, அப்போது கட்டணம் 1,012 பவுண்ட், நிர்வாகச் செலவு 372. மீதி லாபம்தான். 2022-ல் தீர்ப்பு வந்தது, அப்படி வாங்க அரசுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு என்று. அதிகாரம் உண்டுதான், யார் இல்லை என்றது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அந்த விழாக் கட்டணம் மட்டும்தான் திரும்பி வரும், மற்றது போனதுதான். மேல்முறையீடும் கிடையாது, மறுபடி பாருங்கள் என்று கேட்கலாம், அதற்கும் தனிக் கட்டணம்.

பிரிட்டனின் வரலாறும் வாழ்க்கை முறையும் தெரியுமா என்று பார்க்க ஒரு தேர்வு வைக்கிறார்கள், அதைப் பற்றி எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. 50 பவுண்ட் கட்டி, 45 நிமிடத்தில் 24 கேள்வி, 18 சரியாக இருந்தால் தேர்ச்சி. மனப்பாடம் செய்வதில் நம்மை யாரும் அடிக்க முடியாது. எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளையும் வரிசையாகச் சொல்வேன். லண்டன் ஐ எத்தனை அடி என்றால் 443 என்பேன். லண்டனில் முதல் கறி உணவகத்தை 1810-ல் திறந்தவர் சேக் தீன் முகமது என்று படித்தபோது, பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் தேர்வுக்குப் படிக்க வேண்டிய, 2013-ல் வந்த அந்தக் கையேட்டில், ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது எப்படி, டாக்டரிடம் பதிவு செய்வது எப்படி என்று முந்தைய பதிப்பில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டார்களாம். 2022-ல் பிரபுக்கள் சபையின் குழு ஒன்றே இந்தத் தேர்வைக் கடுமையாகக் குறை சொன்னது. ஆங்கிலத்துக்கு வந்தால் இன்னொரு வேடிக்கை. எல்கேஜியிலிருந்து பட்டம்வரை ஆங்கிலத்திலேயே படித்திருந்தாலும், ஆங்கிலம் பேசும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் அது ஆங்கிலத்தில் படித்த பட்டம்தான் என்று இங்குள்ள ஒரு நிறுவனத்திடம் காசு கட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும், இல்லையென்றால் மொழித் தேர்வு எழுத வேண்டும். நாள் முழுக்க ஆபீஸில் இவர்களோடு ஆங்கிலத்தில்தான் மல்லுக்கட்டுகிறேன் என்பது எந்தக் கட்டத்திலும் வராது.

பரிந்துரைக்க இரண்டு பேர் வேண்டும், மூன்று வருடமாவது நம்மைத் தெரிந்தவர்கள், சொந்தக்காரராக இருக்கக் கூடாது, ஒருவர் குறிப்பிட்ட தொழில் செய்பவராக இருக்க வேண்டும். ஏற்கத்தக்க தொழில்களின் பட்டியலில் சவ அடக்கம் நடத்துபவரும் இருக்கிறார். இந்தப் படிவம் முடிவதற்குள் அவரோடு பழக்கம் ஏற்பட்டுவிடும் போலத்தான் இருக்கிறது.

அனுப்பிவிட்டால் ஓய்ந்தது என்று நினைத்தேன். நிரந்தரக் குடியிருப்புக்காவது கூடுதலாகக் கட்டினால் மறுநாளே முடிவு என்று ஒரு வழி இருந்தது, குடியுரிமைக்கு அதுவும் கிடையாது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் என்கிறார்கள். போன் போட்டால், உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. மின்னஞ்சல் போட்டாலும் அதே வாக்கியம், கமா உட்பட. இதற்கு நடுவே 2025 மே மாதம் வெள்ளை அறிக்கை ஒன்று வந்தது. நிரந்தரக் குடியிருப்புக்கு ஐந்து வருடம் என்பதைப் பொதுவாகப் பத்து வருடம் ஆக்கப்போகிறோம் என்று அதில் அறிவித்தார்கள். நான் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டேன். என் ஆபீஸில் இரண்டு பேர் தாண்டவில்லை, நான்காவது வருடத்தில் நிற்கிறார்கள். ஐந்து வருடம் என்று சொல்லித்தான் அழைத்தார்கள், அதை நம்பித்தான் வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் ஏற்பாடு செய்தார்கள். "பிடிக்கலைன்னா திரும்பிப் போக வேண்டியதுதானே" என்று இதற்கும் ஒரு ஆள் எழுதுவார். எழுதுங்கள். நீங்கள் சொன்ன நிபந்தனை ஒவ்வொன்றையும் முடித்துவிட்டுத்தான் நான் பேசுகிறேன்.

கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அழைப்பு வந்த மூன்று மாதத்துக்குள் விழாவுக்குப் போய், மன்னர் மூன்றாம் சார்லஸுக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொல்லிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த நிமிடத்தோடு, இந்தியாவின் 1955-ம் வருடத்துக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ம் பிரிவுப்படி, நான் இந்தியக் குடிமகள் இல்லை. கையில் இருக்கிற இந்தியப் பாஸ்போர்ட்டை அதற்குப் பிறகு பயன்படுத்தினால் குற்றம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோ இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை, முதல் தடவை என்பதால் நேர்காணலுக்கும் கூப்பிடலாம். இந்த இடைவெளியில் அம்மாவுக்கு ஏதாவது ஒன்று என்றால் நான் எந்தப் பாஸ்போர்ட்டில் ஏறுவது? அது வந்தபிறகும் இந்தியா போக விசா வேண்டும், இல்லையென்றால் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் ஓசிஐ அட்டை. ஓசிஐக்குப் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்றிதழ் வேண்டும். அதற்குத் தனிப் படிவம், தனிக் கட்டணம், தனி அப்பாயின்ட்மென்ட். போட்டோகூட ஒன்று போதாது, பிரிட்டனுக்கு 35-க்கு 45 மில்லிமீட்டர், ஓசிஐக்கு இரண்டு அங்குலச் சதுரம். இவ்வளவும் முடித்தாலும் ஓசிஐ என்பது இரட்டைக் குடியுரிமை இல்லை. ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

ஏற்கெனவே முடித்த சிநேகிதி ஒருத்தி ஒப்படைப்புப் படிவத்தை அனுப்பி வைத்தாள். அப்பா பெயர், அம்மா பெயர், பாஸ்போர்ட் எண், கொடுத்த தேதி, கொடுத்த இடம். எல்லாம் அந்தப் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் அவர்களே அச்சடித்துக் கொடுத்தது. அதையும் ஜெராக்ஸ் எடுத்து இணைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.