அதற்குப் பெயர் அம்பலப்படுத்துவது இல்லை

நேற்றிலிருந்து எல்லோருடைய டைம்லைனிலும் ஓடும் அந்த ஸ்கிரீன்ஷாட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். தோழி என்று நம்பி ஒரு பெண் எழுதியதை, நட்பு முறிந்ததும் 'அம்பலப்படுத்துகிறேன்' என்று தலைப்பு வைத்துப் போட்டிருக்கிறார்கள். என்ன அம்பலமானது? அவருடைய மணமுறிவும் அவர் சாப்பிடும் மாத்திரையும். இதில் யார் செய்த குற்றம் வெளியே வந்தது?

அம்பலம் என்றால் பலரும் கூடும் பொதுவிடம். 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்ற பழமொழியில் எவ்வளவு ஆதங்கம் இருக்கிறது! வலியவர்கள் மூடி வைத்தது அங்கே ஏற வேண்டும். வியட்நாம் போர் பற்றி அமெரிக்க அரசு மறைத்த ஆவணங்களை 1971இல் டேனியல் எல்ஸ்பெர்க் பத்திரிகைகளுக்குக் கொடுத்தாரே, அது அம்பலப்படுத்துவது. 115 ஆண்டுகள் வரை சிறையில் தள்ளக்கூடிய குற்றச்சாட்டுகளை அதற்காக எதிர்கொண்டார்.

சத்யேந்திர துபேயை நினைத்துப் பாருங்கள். நெடுஞ்சாலைத் திட்ட ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர். தன் பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். பெயரோடு கடிதம் கைமாறியது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றுதானே வழக்கு முடிந்தது என்பீர்கள். இருக்கட்டும். அவர் ஊழலைச் சொன்னதும், அவர் பெயரை வெளியே விட்டதும் ஒன்றா? அவர் செய்தது அம்பலப்படுத்தியது. அவருக்குச் செய்தது காட்டிக்கொடுத்தது. நேற்று நடந்ததும் காட்டிக்கொடுத்ததுதான்.

'உண்மையைத்தானே போட்டோம்' என்கிறார்கள். இந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மனநல மருத்துவரைப் பார்த்து வந்ததை, கூட வேலை செய்த ஒருவரிடம் மட்டும் சொன்னேன். கொஞ்ச நாளில் மொத்த அலுவலகமும் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தது. கேட்டதற்கு அவரும் இதையேதான் சொன்னார். உண்மைதான். ஆனால் அதை யாரிடம் சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியவள் நான்.

'அப்படியானால் தொல்லை கொடுத்தவனின் செய்திகளைப் பெண்கள் வெளியிடுவதும் தப்பா?' தப்பே இல்லை. தனக்கு நடந்த கொடுமைக்கு அவள் ஆதாரம் காட்டுகிறாள். வேறெங்கும் சொல் ஏறாதவளுக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதையும் நீங்கள்தான் கெடுக்கிறீர்கள். நாளைக்கு ஒருத்தி அழுதுகொண்டே ஆதாரத்தோடு வந்தால், இதுவும் ஏதோ நட்புச் சண்டை என்று தள்ளிவிட்டுப் போவார்கள்.

'அந்தப் பெண் பிரபலம், கேள்வி வரத்தான் செய்யும்' என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பகிர்ந்தவர்களில் என் நண்பர்களும் இருக்கிறீர்கள். என்னிடமும் மனம் விட்டுப் பேசியவர்கள், நானும் உங்களிடம் பேசியிருக்கிறேன். இனி எதை நம்பி உங்களிடம் பேசுவது? முதலில் அந்தப் படங்களை நீக்குங்கள். அப்புறம் பேசுவோம்.