"அடிக்கலையே"ன்னு சொல்றவங்களுக்கு

ரெண்டு நாளா பல்ல கடிச்சிக்கிட்டு இருந்தேன், இனிமே முடியல. இங்க மலேசியாவுல ஒரு மாமாக் கடையில, அதான் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில, எடுத்த அந்த வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீங்க. நான் திரும்ப போடப் போறதில்ல, அந்தப் பொண்ணு அழுவுறத எத்தன தடவதான் ஊரே பாக்கும். லவ் பண்றவன் அவ போன புடுங்குறான், பாஸ்வேர்ட் கேக்குறான், குடுக்க மாட்டேன்னதும் தரையில அடிக்கிறான். அத விட அதுக்குக் கீழ நம்ம ஆளுங்க எழுதுனதுதான் என் தூக்கத்த கெடுத்துச்சு. அதுலயும் எங்க ஃப்ளாட்டு வாட்ஸ்அப் குரூப்புல, நான் வாய் நெறய அண்ணேன்னு கூப்புடுற ஒருத்தரு எழுதுனாரு: "போனத்தானே புடுங்குனான், அடிக்கலையே. பெருசாக்காதீங்க." அதுக்குக் கீழ வரிசையா கட்டை வெரலு. அதுல பாதி பொம்பளைங்க.

அடிக்கலையே. இந்த ஒத்த வார்த்தைக்காகத்தான் ஒக்காந்து எழுதுறேன். நீளமாத்தான் போகும்.

எங்க சித்தி மகளப் பத்தி சொல்றேன், அவகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன். பினாங்குல பிறைல வீடு, பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேல, ஏழுக்கு ஏழு ஷிஃப்டு. அவ புருசன் ஒரு நாளும் கை ஓங்குனதில்ல. குடி கெடையாது, சிகரெட்டு கெடையாது, தைப்பூசத்துக்கு தண்ணீர்மலைக்கு காவடி எடுப்பாரு. குடுத்தா இப்புடி மாப்பிள்ளைக்கு குடுக்கணும்னு சொந்தத்துல பேசிக்கிட்டாங்க. அவ சம்பளம் ஏறுற பேங்க் கார்டு அவருகிட்ட. காலையில அஞ்சு வெள்ளி குடுப்பாரு, சாயங்காலம் மிச்சம் எவ்ளோன்னு கேப்பாரு. பிரேக் டைம்ல வீசாட்ல வீடியோ கால் வரும், கண்டீன்ல பக்கத்துல யாரு ஒக்காந்திருக்கான்னு போன சுத்திக் காட்டணும். ஃபேக்டரி பஸ்ஸு பாலத்துல ஜாம்ல மாட்டிக்கிச்சின்னா ஜன்னல் வழியா ரோட்ட போட்டோ எடுத்து அனுப்பணும், இல்லன்னா வீட்டுக்கு வந்ததும் விசாரண ஆரம்பிச்சுரும், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போகும், கத்த மாட்டாரு, மெதுவாத்தான் கேப்பாரு, அதே கேள்விய மாத்தி மாத்தி, காலையில அஞ்சரைக்கு இவளுக்கு பஸ்ஸு.

ஒரு தடவ அவ போன்ல என்னமோ தேடுறப்ப பாத்தேன், புள்ளைங்க போட்டோவ விட பாலத்து ஜாம் போட்டோதான் அதிகம். வரிசையா காருங்களோட செவப்பு லைட்டு. ஏண்டி இதெல்லாம் எடுத்து வெச்சிருக்கன்னு கேட்டேன். "சும்மாதான்க்கா"ன்னா. நானும் விட்டுட்டேன்.

ஆளு பாதியா எளச்சு போனா. முடி கொட்டுச்சு. நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு மூணு கிளினிக்கு மாறுனா, எங்கயும் ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. கடைசில எங்கிட்ட வந்து அழுதப்ப நான் என்ன கேட்டேன் தெரியுமா? "உன்ன அடிக்கிறாராடி?" இல்லக்கான்னா. "அப்புறம் என்ன, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." இந்த வாயாலதான் சொன்னேன். இப்ப அந்த அண்ணன் எழுதுனத படிச்சதும் எனக்கு ஏன் வயிறு எரிஞ்சுதுன்னு புரிஞ்சிருக்கும்.

2014ல அவளாவே தைரியத்த வரவழைச்சிக்கிட்டு பாலாய்க்கு, அதான் போலீஸ் ஸ்டேஷனுக்கு, போனா. எந்த பாலாய்னு சொல்லப் போறதில்ல. கவுண்டர்ல மொத கேள்வி, "அடா புக்குல்?" அடிச்சாரான்னு. இல்லன்னா. வீட்டுக்கு போயி பேசித் தீத்துக்குங்கன்னு அனுப்பிட்டாங்க.

இத்தனைக்கும் நம்ம நாட்டுல குடும்ப வன்முறைச் சட்டம் 1994லயே வந்துருச்சு, அமலுக்கு வந்தது 1996ல. 2012ல திருத்தி மனச நோகடிச்சி பண்ற கொடுமையையும் வன்முறைன்னு சேத்துட்டாங்க. அவ பாலாய்க்கு போனப்ப அது சட்டத்துல ஏறி ரெண்டு வருசம். கவுண்டர்ல இருந்தவருக்கும் அது தோணல, அவளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. 2017ல மறுபடியும் திருத்துனாங்க, ஒருத்தரோட பொருள நேர்மையில்லாம எடுத்துக்கிட்டு பணக்கஷ்டத்துல தள்ளுறதும் அப்ப உள்ள வந்துச்சு. படிச்சப்ப எனக்கு அந்த பேங்க் கார்டுதான் ஞாபகம் வந்துச்சு. உடம்புக்கு ஆபத்துன்னு பயம் இருந்தா வெல்ஃபேர் ஆபீசரே ஏழு நாளைக்கு அவசர பாதுகாப்பு உத்தரவு குடுக்கலாம், போலீஸ் ரிப்போர்ட்டுக்கு காத்திருக்க வேணாம், இதுவும் 2017ல வந்ததுதான். சட்டத்துக்கே அடி மட்டும் கொடுமை இல்லன்னு புரிஞ்சிருச்சு. நமக்கு எப்ப புரியும்?

"புருசன் பொண்டாட்டி சண்டையில மூணாவது ஆளுக்கு என்ன வேல"ன்னு கேட்ட மகராசிங்களுக்கு: அந்தப் பொண்ணே எழுதிருச்சே, இன்னும் நிச்சயம் கூட ஆகலன்னு. கல்யாணம் ஆகாத ஜோடிக்கு அந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது. புருசன் பொண்டாட்டி, விவாகரத்து ஆனவங்க, புள்ளைங்க, குடும்பத்து ஆளுங்க, இவங்களுக்குத்தான் அது. லவ் பண்றவன் கொடுமப்படுத்துனா தண்டனைச் சட்டத்துல எதுல பொருந்துதுன்னு தேடணும். விடாம பின்னாலயே சுத்தி பயமுறுத்துறத தனிக் குத்தமா ஆக்குனதே 2023ல தான், 507ஏ பிரிவு. அந்தப் பொண்ணுக்கு இருக்குற பாதுகாப்பு எங்க தங்கச்சிக்கு இருந்தத விட கம்மி. இது தெரியாமதான் ஆளாளுக்கு தீர்ப்பு எழுதுறாங்க.

ஆம்பளைக்கும் நடக்குதுன்னு நாலு பேரு இன்பாக்ஸ்ல வந்தீங்க. நடக்குது. நான் இல்லங்கல. அந்தச் சட்டம் ஆம்பள பொம்பளன்னு பிரிக்கல, புருசனும் போயி ரிப்போர்ட் குடுக்கலாம், குடுங்க, நானே கூட வர்றேன். ஆனா ஒரு பொண்ணு அழுவுற வீடியோவுக்கு கீழ மட்டும்தான் உங்களுக்கு அந்த ஆம்பளைங்க ஞாபகம் வருது, மத்த நாள்ல ஒரு வரி எழுதிப் பாத்ததில்ல, அதுதான் எனக்கு வலிக்குது. பொய் ரிப்போர்ட் போடுறாங்கன்னு சொல்றவங்களுக்கு பதில் சொல்ற மனநிலையில நான் இல்ல.

"அவ்ளோ கஷ்டம்னா ஏன் விட்டுட்டு வரல?" இத கேக்காத ஆளே இல்ல. எப்புடி வருவா? கார்டு அவருகிட்ட, புள்ளைங்க சூரா பெரானாக், அதான் பொறப்பு சர்ட்டிபிகேட்டு, அவருகிட்ட, கையில அஞ்சு வெள்ளி. சித்தி சொன்னது, "சின்னவளுக்கு வரன் பாக்குறோம், இப்ப போயி நீ வந்து ஒக்காராத." நான் சொன்னது மேலயே இருக்கு. எட்டு வருசமா ராத்திரி ராத்திரி உம்மேலதான் தப்புன்னு காதுல ஓதுனா, உனக்கே உம்மேல சந்தேகம் வந்துரும். அவ எங்கிட்ட ஒரு தடவ கேட்டா, "நான் நெசமாவே கெட்டவளாக்கா?" அப்புறம், கெளம்பி வர்ற நேரம்தான் இருக்குறதுலயே ஆபத்தான நேரம், இப்புடி கஷ்டப்படுறவங்களுக்கு உதவுற வேலையில இருக்குறவங்க யார வேணா கேட்டுப் பாருங்க. கொலையாகுற பொம்பளைங்கள்ல 38 விழுக்காடு வரைக்கும் கூட வாழ்ந்தவன் கையாலதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதே நிறுவனம் 2021ல கணக்கு வெளியிட்டுச்சு, 15லருந்து 49 வயசுக்குள்ள, உறவுல இருந்த பொம்பளைங்கள்ல 27 விழுக்காட்டுக்கு கூட இருந்தவன்கிட்டருந்து அடியோ பாலியல் வன்முறையோ நடந்திருக்குன்னு. நாலுல ஒண்ணுக்கு மேல. அதுலயும் எங்க தங்கச்சி வர மாட்டா. அவள அடிக்கலையே!

என் மக ஃபார்ம் ஃபைவ். அவ கூட்டாளி ஒருத்திக்கு பாய்ஃபிரெண்ட் இருக்கான், நாள் பூரா லைவ் லொக்கேஷன் ஆன்ல இருக்கணுமாம், டியூஷன் முடிஞ்சி பத்து நிமிசம் லேட்டானா எங்க இருக்கன்னு கேட்டு மெசேஜு கொட்டுமாம். "பொசசிவ்வா இருக்கான்மா, அவ்ளோ பாசம்"னு என் மக சொல்றா, எம்புள்ள சொல்றா! எனக்கு கைகால் ஓடல. பதினேழு வயசுல இதுக்கு பேரு பாசம்னு யாரு சொல்லிக் குடுத்தது? நாமதான். வேணாம்னு சொல்ற பொண்ணு பின்னாடி அலையிறவன கை தட்டி பாத்தோம், பொண்டாட்டி போன நோண்டுறவன அக்கறையான ஆளுன்னோம். இங்கிலாந்துல இப்புடி ஆள கட்டுப்பாட்டுலயே வெச்சி அடக்குறத 2015லயே தனிக் குத்தமாக்கிட்டாங்க, ஒரு அடி விழுந்திருக்கணும்னு அவசியமே இல்ல. இங்க நான் என் மகளுக்கு சோத்துத் தட்டுக்கு முன்னாடி ஒக்காந்து ராத்திரி பதினோரு மணிக்கு வெளக்கிக்கிட்டு இருக்கேன்.

தங்கச்சி 2016ல வெளிய வந்தா. கூட்டிக்கிட்டு வந்தது நானோ சித்தியோ இல்ல. கூட வேல பாத்த மலாய்க்கார அக்கா ஒருத்தங்க, லாக்கர் ரூம்ல இவ கை நடுங்குறத பாத்துட்டு கேட்டாங்களாம், "தாக்குட் பாலிக் ருமா கா?" வீட்டுக்கு போக பயமா இருக்கான்னு. அத்தன வருசத்துல அவள யாரும் அப்புடி கேட்டதில்ல. அங்கயே ஒக்காந்து அழுதுட்டாளாம். யாருக்காச்சும் தேவப்படும்னு போடுறேன், தாலியான் காசேங்குற அரசாங்க உதவி லைன் 15999, ராத்திரி பகல் எப்ப வேணா கூப்புடலாம். பினாங்குல 1985லருந்து டபிள்யூ.சி.சி.ங்குற பொம்பளைங்க உதவி மையம் இருக்கு. அடி வாங்கியிருக்கணும்னு கட்டாயம் இல்ல, சும்மா பேசவும் போகலாம்.

அந்த அண்ணனுக்கு: நாளைக்கு லிஃப்டுல பாத்தா நான் பேசுவேன், மூஞ்சிய திருப்ப மாட்டேன். ஆனா அந்த மெசேஜ நீங்க அழிக்கணும். உங்க வீட்டுலயும் ரெண்டு பொண்ணு இருக்கு, அதுங்களும் அந்த குரூப்ப படிக்குது.

நேத்து ராத்திரி தங்கச்சி வாய்ஸ் மெசேஜ் போட்டா. இப்ப புக்கிட் மெர்தாஜாம்ல இருக்கா, சம்பள கார்டு அவ கையில. வீடியோவ முழுசா பாக்க முடியலன்னா. ஒண்ணே ஒண்ணு கேட்டா: "அக்கா, கீழ விழுந்த போன யாராச்சும் எடுத்துக் குடுத்தாங்களா?"

திரும்ப போட்டு பாத்தேன். சுத்தி ஆறு டேபிள்ல ஆளுங்க. அந்தப் பொண்ணேதான் குனிஞ்சி எடுக்குது. தங்கச்சிக்கு இன்னும் பதில் போடல.